அளவு எடுத்தவர் பெயர்

பதினாறு ரசீதுகளையும் தேதி வாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழையில் நனைந்துவிடக் கூடாதே என்று அந்த உறையை இன்னொரு உறைக்குள் திணித்து, மார்போடு அணைத்தபடி வங்கிக்குள் நுழைந்தாள் சோபாக்கடைக்காரி.

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. தெருவில் யாரும் அதைப் படித்ததில்லை. சோபா பிய்ந்தாலும், நாற்காலி அமுங்கினாலும், கார் சீட்டில் தையல் விட்டாலும் எல்லோருக்கும் அது சோபாக்கடை. அங்கே இருப்பவள் சோபாக்கடைக்காரி. அவள் கணவனுக்கு ‘டேப்’ என்று பெயர். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவானா என்று பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் கேட்டுச் சிரிப்பார். டேப் ஊரைவிட்டுப் போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. கண்ணாடிக்கடைக்காரர் இப்போதெல்லாம் அவனைப் பற்றிச் சிரிப்பதில்லை.

அன்று செவ்வாய். வெள்ளிக்கிழமைக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காத்திருக்கும் கூடத்தில் நூற்றெண்பது நாற்காலிகள். எல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து பஞ்சு செத்துப்போனவை. ஆறு வாரத்தில் புதுப் பஞ்சு, புது ரெக்சின் போட்டுக் கொடுக்க வேண்டும். கடையில் இருப்பது பழைய மிஷின். இரண்டு மடிப்பு ரெக்சின் என்றால் தைக்கும். நான்கு மடிப்பு வந்தால் ஊசி ஒடிந்து முகத்தில் தெறிக்கும். கனமான மிஷின் ஒன்று, பஞ்சு, ரெக்சின் சுருள்கள். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் கடன் வேண்டும். அது கிடைத்தால் கடை நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால், பழையபடி ஒற்றை நாற்காலி, ஒற்றை சோபா, வந்த நாளில் வேலை, வராத நாளில் வாசல்.

கடன் பிரிவு அதிகாரிக்குக் கடுமையான சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார்.

“சொல்லுங்க மேடம்.”

“ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி நானும் வீட்டுக்காரரும் வந்து கடன் கேட்டோம் சார். உங்க சீட்ல அப்ப வேற ஒருத்தர். ‘உங்களுக்கு வரலாறு இல்ல’ன்னு சொல்லிட்டாரு.”

அதிகாரி தும்மலுக்கு நடுவே சிரித்தார். “கிரெடிட் ஹிஸ்டரி. ஆமா, கடனே வாங்காதவங்களுக்கு அது இருக்காது.”

அன்று டேப் சிரிக்கவில்லை. “நாம என்ன ராஜா பரம்பரையா, வரலாறு இருக்கறதுக்கு?” என்று வங்கி வாசலிலேயே கத்தினான். பன்னிரண்டு வருஷம் யாரிடமும் கைநீட்டாமல் கடை நடத்தியதைப் பெருமையாகச் சொன்னால், அதுவே குற்றமாகப் போயிற்று. அந்தப் பழைய அதிகாரி நல்ல மனுஷன். வழி சொன்னார். ஐம்பதாயிரம் டெபாசிட் போடுங்கள். அதை ஈடாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு தருகிறோம். கொஞ்சமாகச் செலவு செய்யுங்கள். மாதாமாதம் பில் வந்ததும் முழுசாகக் கட்டுங்கள். ஒரு வருஷத்தில் உங்களுக்கு ஒரு நல்ல பெயர் வந்துவிடும். அப்புறம் வந்து கடன் கேளுங்கள்.

“நம்ம பணத்த அவங்ககிட்ட குடுத்துட்டு, அதையே கடனா வாங்கி, அதுக்கு நன்றி வேற சொல்லணுமா?” என்றான் டேப். ஆனாலும் கையெழுத்துப் போட்டான்.

“இந்தாங்க சார்.” உறைக்குள்ளிருந்த உறையை உருவி ரசீதுகளை மேஜையில் வைத்தாள். “பதினாறு மாசம். ஒரு தேதி தப்பல. காய்ச்சல்ல கிடந்தப்போகூட எழுந்து வந்து கட்டிட்டுப் போனேன்.”

அதிகாரி ரசீதுகளைத் தொடவில்லை. கார்டை வாங்கி எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“பிரமாதம் மேடம். இவ்வளவு சுத்தமா யாரும் கட்டறதில்ல. ஸ்கோர் ரொம்ப நல்லா இருக்கு.”

அவளுக்குக் காது சூடாயிற்று. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

“சார் எப்ப வருவாரு?” என்றார் அதிகாரி.

“எந்த சாரு?”

“உங்க ஹஸ்பெண்ட். அவர் வந்து கையெழுத்துப் போட்டா இன்னிக்கே பேப்பரை மேல அனுப்பிடலாம்.”

“அவரு எதுக்கு? கட்டினது நான்.”

“கட்டினது நீங்கதான். ஸ்கோர் அவரோடது.” அதிகாரி கைக்குட்டையை மடித்து வைத்தார். “உங்க கையில இருக்கறது கூடுதல் கார்டு மேடம். கணக்கு அவர் பேர்ல. நீங்க வாங்கினாலும் நீங்க கட்டினாலும் போய்ச் சேர்றது அவருக்குத்தான். உங்க பேரைப் போட்டுத் தேடினா...” தட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

வெள்ளைத் திரை. நடுவில் இரண்டே சொற்கள். ‘தகவல் இல்லை.’

“தப்பா ஏறியிருக்கும் சார்.”

அதிகாரி பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். முதல் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் டேப்பின் பெயர். இரண்டாவது இடத்தில் அவள் பெயர். இரண்டும் அவள் கைப்பட எழுதியவை. குண்டு குண்டான, அழகான எழுத்து.

யாரும் அவளை அப்படி எழுதச் சொல்லவில்லை. கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைச் சீட்டு எழுதும்போது, அளவு எடுத்தவர் பெயர் முதலில் வர வேண்டும். வெட்டித் தைத்தவர் பெயர் கீழே. அளவு பிசகினால் யாரைக் கேட்பது என்று தெரிவதற்காக அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. அளவு எடுப்பது டேப். வெட்டித் தைப்பது அவள். பன்னிரண்டு வருஷமாக எழுதிய கை, வங்கித் தாளிலும் அப்படியே எழுதிவிட்டது.

“அவரு வெளியூர்ல இருக்காரு. எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் சார்” என்றாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள வரட்டும். இல்லன்னா நீங்க தனியா, உங்க பேர்ல புது டெபாசிட் போட்டு, புது கார்டு எடுங்க. ஒரு ஆறு மாசமாவது ஓடணும். அப்புறம் பார்க்கலாம்.”

“அந்தப் பழைய ஐம்பதாயிரத்த எடுத்து என் பேருக்கு மாத்திக் குடுங்க சார்.”

“அதுக்கும் அவர் கையெழுத்து வேணும் மேடம்.”

ரசீதுகளை உறையில் போட்டாள். உறையை உறையில் போட்டாள். வெளியே மழை விடவில்லை.

*

மழை நாளில் சோபாக்கடைக்கு வேலை ஓடாது. பசை காயாது. பஞ்சு ஈரத்தை இழுத்துக்கொண்டு கனக்கும். பல் டாக்டர் வீட்டு சோபா ஒன்று எலும்பும் வாருமாக நடுக்கடையில் நின்றது. அவள் தரையில் உட்கார்ந்து தட்டை உளியால் பழைய பின்களை ஒவ்வொன்றாக நெம்பினாள். சோபாவின் வயிற்றிலிருந்து ஒரு சீப்பு, மூன்று நாணயம், ஒரு பொம்மையின் கால் விழுந்தன.

கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு டீயோடு வந்து நின்றார்.

“என்ன தங்கச்சி, பேங்க் என்ன சொல்லுது?”

“எம் புருஷன் ரொம்ப ஒழுங்கானவராம்ணே. தேதி தப்பாம கட்டறாராம்.”

அவர் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டீயைக் குடித்து முடித்து, வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

“அதோ நிக்குதே வண்டி, அத வித்துடேன். தார்ப்பாய் போட்டு மூடியே ஒரு வருஷமாச்சு. நானே எடுத்துக்கறேன்.”

“அதுவும் அவரு பேர்லதாண்ணே இருக்கு.”

“இந்தக் கடைல உன் பேர்ல என்னதான் இருக்கு?”

“கரண்டு பில்லு. அதுவும் எழுத்துப் பிழையோட.”

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மழைச் சத்தம் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது.

“போன் பண்ணிப் பாரு தங்கச்சி. ரோஷம் பாக்கற நேரமில்ல இது.”

“பாக்கறேண்ணே.”

டேப் போனது மூன்று மாத வேலைக்கு. தூரத்துத் துறைமுக நகரத்தில் ஒரு பெரிய அரங்கத்துக்கு இருக்கைகள். முதல் மாதம் தினமும் போன் வந்தது. அப்போதுதான் ஒரு வேடிக்கை நடந்தது. அவள் கார்டைத் தேய்த்தால், கடையின் பெயரும் காசும் போட்ட செய்தி அவன் போனுக்குப் போகிறது! கணக்கு அவன் பேரில் இருந்ததால் அவன் எண்ணைத்தான் வங்கி வைத்திருந்தது.

“இன்னிக்கு என்ன ரெண்டு ரொட்டி? யாரு வந்திருக்கா?” என்பான்.

“நீங்கதான் இல்லையே, யாரையாவது வரச் சொல்லியிருக்கேன்” என்பாள்.

“ஆணிக்கு இவ்வளவா? ஏமாத்திட்டான்டி உன்ன. நாளைக்குப் போய்ச் சண்ட போடு.”

அப்புறம் போன் வாரத்துக்கு ஒன்றாயிற்று. வேலை நீண்டுவிட்டது என்றான். அப்புறம் மணி அடிக்கும், எடுக்கமாட்டான். அவளும் நிறுத்திவிட்டாள். பதினோரு மாதம் ஆகிறது அந்த எண்ணை அழுத்தி.

ஆனால் செய்தி போய்க்கொண்டுதானே இருக்கும்? அதனால் ரொட்டியைக்கூடக் கார்டில் வாங்கினாள். தெருமுனைக் கடையில் முட்டை, ஆணிக்கடையில் பின் டப்பா, நூல் கடையில் நூல்கண்டு. சாப்பிட்டேன், வேலை செய்தேன், இருக்கிறேன். வாய் திறக்காமல் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பிறந்தநாளன்று ஆண்கள் துணிக்கடைக்குப் போய் அவன் அளவில் ஒரு சட்டை வாங்கினாள். கடையின் பெயர் செய்தியில் வரும். பார்த்தால் புரியும். அன்று பூராவும் போனைப் பஞ்சுக் குவியலின் மேல் வைத்துவிட்டு வேலை செய்தாள். அது வாய் திறக்கவில்லை. சட்டை அலமாரியில் மடித்தபடி இருக்கிறது.

*

புதன்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம் பார்த்துப் போன் செய்தாள். பேச வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தாள். கோபம் இல்லாமல், அழுகை இல்லாமல், கையெழுத்து மட்டும். நாலாவது மணியில் எடுக்கப்பட்டது.

“அலோ?” ஒரு பெண் குரல்.

மனப்பாடம் எல்லாம் கொட்டிப்போயிற்று. “யாரு நீ?” என்றாள் கூர்மையாக.

“போன் பண்ணது நீங்க. நீங்க யாரு?”

“சோபா வேல செய்றவரோட நம்பர்தானே இது? நான் அவரு பொண்டாட்டி. போன அவர்கிட்ட குடு.”

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது.

“ஆணி அக்காவா?”

“என்னது?”

“ஐயோ, மன்னிச்சுக்குங்கக்கா. உங்க பேரு தெரியாதுல்ல, நானா வெச்ச பேரு அது. ரொட்டி, முட்ட, ஆணி, நூலு... அது நீங்கதானே? கடைசி நாலு எண்ணு ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது?”

அவள் கார்டை எடுத்துப் பார்த்தாள். 7229.

“உனக்கு எப்படித் தெரியும்? அவரு உங்கூடத்தான் இருக்காரா? மறைக்காம சொல்லு.”

“அக்கா, அக்கா, பொறுங்க. எனக்கு அவர யாருன்னே தெரியாது. பத்து மாசம் முன்னாடி கடைல புது சிம் வாங்கினேன். இந்த நம்பர் வந்துச்சு. அவரு விட்டுட்ட நம்பரா இருக்கும்போல. வாங்கின ரெண்டாம் நாளே உங்க ரொட்டி வந்து விழுந்துச்சு.”

சோபாக்கடைக்காரி பஞ்சுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். அது மெல்ல அமுங்கி அவளைத் தரைவரை கொண்டுபோயிற்று.

பத்து மாதம்.

“பேங்குக்கு நான் போன் பண்ணினேங்கக்கா, ரெண்டு தடவ. முழு கார்டு நம்பர் சொல்லுன்னாங்க. எனக்கு நாலு எண்ணுதானே தெரியும்? அப்புறம்... விட்டுட்டேன். வந்துட்டுப் போகட்டும்னு.”

“நீ என்ன வேல பாக்கற?”

“மீன் கம்பெனில ஐஸ் ரூம்ல அடுக்கற வேல. உள்ள போன் எடுக்காது. வெளிய வந்ததும் மொதல்ல உங்க செய்திதான் இருக்கும். வேற யாரும் எனக்கு அனுப்ப மாட்டாங்க. கம்பெனிக்காரன் அனுப்பினா ஓவர்டைம்னு அர்த்தம்.” சிரித்தாள். “அக்கா, ஒண்ணு கேக்கட்டா? திட்டக் கூடாது.”

“கேளு.”

“மழைக்கு முன்னாடி மருந்துக்கட மூணு தடவ வந்துச்சு. அப்புறம் பதினோரு நாள் ஒண்ணுமே வரல. ரொட்டிகூட இல்ல. தெனமும் போன எடுத்து எடுத்துப் பாத்தேன். என்ன ஆச்சு உங்களுக்கு?”

அந்தப் பதினோரு நாளும் சோபாக்கடைக்காரி கடையின் பின்னறையில் காய்ச்சலோடு கிடந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் ஊரில் இல்லை. பில் கட்ட ஒருமுறை எழுந்து போனதைத் தவிர வாசல் தாண்டவில்லை. அதை எண்ணி வைத்திருக்க உலகத்தில் யாரும் இல்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

“காய்ச்சல்” என்றாள். “செத்துட்டேன்னு நெனச்சியா?”

“ஆமாக்கா. பன்னெண்டாம் நாள் ‘ஆறு முட்டை’ காசுக்கு வந்துச்சு பாருங்க. ஐஸ் ரூம் வாசல்லயே நின்னு சிரிச்சேன். பைத்தியம்னாங்க.”

“அந்தத் துணி...” என்று இழுத்தாள் அந்தப் பெண். “ஆம்பளைங்க துணிக்கடைலேர்ந்து வந்துச்சே. அவரு வந்துட்டாருன்னு நெனச்சேன். வந்தாராக்கா?”

“இல்லம்மா.”

“ஓ.”

மோட்டார் நின்றது. மணி அடித்தது. “உள்ள போகணும்கா” என்றாள் அந்தப் பெண். “அவர எப்படியாவது தேடிப் பிடிங்க” என்று சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று தெரியாதவள்போல நின்று, பிறகு போனை வைத்தாள்.

*

தேடவில்லை. துறைமுக நகரத்தில் எந்த அரங்கம், எந்தத் தெரு? விலாசம் தெரிந்திருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் போய்வர முடியாது. பத்து மாதமாக அவன் அவளைக் கேட்டும் கேளாததுபோல் இருந்தான் என்பதுகூட இல்லை. அவள் சொன்னது எதுவும் அவனை எட்டவே இல்லை. எண்ணை விடும்போது அவனுக்குத் தெரிந்தேதான் விட்டிருப்பான். மற்றதையெல்லாம் மன்னிக்கலாம் போலிருந்தது. அதை மட்டும் எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மேல் பலகையிலிருந்து அசல் தோல் சுருளை இறக்கினாள். என்றைக்காவது பெரிய இடத்து சோபா வரும், அதற்குப் போடலாம் என்று டேப் சேர்த்து வைத்தது. வாங்கின ரசீதைப் புரட்டினாள். பணம் கொடுத்தது அவள். ரசீது கடையின் பேரில். பை தைப்பவர் ஒருவர் வந்து முகர்ந்து பார்த்து, மடித்துப் பார்த்து, பதினோராயிரம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரி சாமான் பிரிவுக்குப் போனாள்.

“சார், நூற்றெண்பது நாற்காலி என்னால ஆகாது. மிஷின் இல்ல.”

சாமான் பிரிவுக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அத செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமேம்மா.”

“செவ்வாய்க்கிழம எனக்குத் தெரியாது சார்.” நகரவில்லை. “வேற யாரு எடுத்தாலும், கைப்பிடி மெத்த மட்டும் எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. ரெண்டு மடிப்புதான். என் மிஷின் தைக்கும். ஒரு நாற்காலிக்கு ரெண்டு, முந்நூற்றறுபது. பெரிய கடைக்காரன் அந்தச் சில்லற வேலைக்கு ஆள் தேடிட்டுத்தான் இருப்பான்.”

அவர் யோசித்தார். யாருக்கோ போன் செய்தார். வைத்தார். “முந்நூற்றறுபது. மாசக் கடைசிக்குள்ள. தையல் கோணினா திருப்பி அனுப்புவான்.”

“கோணாது சார்.”

அங்கிருந்து வங்கி. சளிக்கார அதிகாரிக்கு இப்போது இருமல். பத்தாயிரத்தை எண்ணி வைத்தாள். அவர் புது விண்ணப்பத்தை நகர்த்தினார். முதல் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவது விண்ணப்பதாரர் என்ற இடத்தில் பேனா தானாகப் போய் நின்றது.

“அது காலியா இருக்கலாம் மேடம். கோடு போட்டுடுங்க.”

கோடு போட்டாள். கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்துவிட்டது.

“பழைய கார்ட என்ன பண்றது சார்?”

“பாக்கி ஒண்ணும் இல்லையே? தேய்க்காம விடுங்க. தேய்க்கத் தேய்க்க அவர் ஸ்கோர்தான் ஏறும். ரொம்ப நாள் சும்மா கிடந்தா அதுவா மூடிக்கும். டெபாசிட் அவர் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கும்.”

படி இறங்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பழைய கார்டைத் தேய்க்காமல் விட்டால், ஐஸ் அறை வாசலில் ஒருத்தியின் போனுக்கு ஒன்றுமே வராது.

*

புதுக் கார்டு வர எட்டு நாளாயிற்று. அதுவரை ரொட்டியை ரொக்கத்தில் வாங்கினாள். மூன்றாம் நாளே அந்தப் பெண் போன் செய்துவிட்டாள்.

“அக்கா, மறுபடியும் காய்ச்சலா?”

“இல்லம்மா. நல்லா இருக்கேன்.” எல்லாவற்றையும் சொன்னாள். “இனிமே உனக்கு என் செய்தி வராது. புதுக் கார்டு என் நம்பருக்குத்தான் வரும். நீ பயந்துடாத. அதச் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“நல்லதுதான்கா. உங்க பேரு உங்களுக்கே வரணும்.” குரல் இறங்கியது. “இந்தக் கம்பெனிக்காரன் செய்திதான் இனிமே.”

“நீ போன் பண்ணு. பேசலாம்.”

“பண்ண மாட்டேன்கா, எனக்கே தெரியும். இன்னிக்குப் பண்ணதே பெரிய விஷயம். போன்ல பேச எனக்கு வராது. என்ன பேசறது? வந்து விழுந்தா படிப்பேன், அவ்வளவுதான்.”

“எனக்கும் அப்படித்தான்” என்றாள் சோபாக்கடைக்காரி. அது உண்மை. ஒன்றேகால் வருஷத்தில் பேசும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

கார்டு வந்த அன்று மழை விட்டிருந்தது. பஞ்சை வெயிலில் பரப்பிவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போனாள். ஒரு ரொட்டி, ஆறு முட்டை. புதுக் கார்டைத் தேய்த்தாள். கைக்குள் போன் துடித்தது. கடையின் பெயர், காசு, நாள், நேரம். பதினாறு மாதத்தில் அவள் கண்ணால் பார்க்கும் முதல் செய்தி அதுதான். இவ்வளவு வறட்டுச் செய்தியையா அந்தப் பெண் வாசலில் நின்று படித்தாள்?

கடைக்கு வந்து கைப்பிடி மெத்தைகளின் நடுவே உட்கார்ந்து, அந்தச் செய்தியை அப்படியே அந்த எண்ணுக்கு அனுப்பினாள். ஏதாவது சேர்த்து எழுத நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. ரொட்டியும் முட்டையும் மட்டும் போயின.

மணி நாலு. அங்கே வேலை முடிய ஆறாகும். போனை மிஷினுக்குப் பக்கத்தில், கண் படும் இடத்தில் வைத்துவிட்டு, முப்பத்தொன்றாவது கைப்பிடியை எடுத்து ஊசிக்கடியில் கொடுத்தாள்.